அணிவகுப்புக்கு முன் ஒரு சவரம்

நான் அலுவலராகப் பணியாற்றிய சிறைச்சாலைக்கு வாரத்தில் இருமுறை வந்து சென்ற முடிதிருத்துநரை அங்கிருந்த அனைவரும் 'கைராசி' என்றே அழைத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் அவர் கையால் சவரம் செய்துகொண்டவனுக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்பது விசாரணைக் கைதிகளிடையே வழங்கிய நம்பிக்கை. அதை முதலில் சொன்னவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஜாமீன் கிடைத்தவர்கள் வெளியே போய் அந்தப் புகழைப் பரப்பினார்கள். கிடைக்காதவர்கள் திரும்பி வந்து, சவரத்தின்போது தாமே அவசரப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டதாகக் கூறிப் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார்கள். ஆகவே அந்தப் பெயருக்கு எந்தக் காலத்திலும் பங்கம் வரவில்லை.

அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. முற்றிலும் வழுக்கையாகிவிட்ட தம் தலையைத் தடவிக்கொண்டு, “என் கையில ராசி இருந்தா அது முதல்ல இங்கதானே வேலை செஞ்சிருக்கணும்?” என்பார். ஆனால் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் மலர்ந்துதான் திரும்புவார்.

நீதிமன்றத்துக்குப் பின்புறச் சாலையில் அவருக்கு ஒரு கடை இருந்தது. இரண்டு நாற்காலிகள், ஒன்றின் கழுத்துத் தாங்கி உடைந்துபோனதால் அதற்குப் பதில் மடித்த துண்டு ஒன்று கட்டப்பட்டிருக்கும். கடையின் பின்னறையிலேயே அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள், அருகிலிருந்த காவல் நிலையத்தின் ஆய்வாளர் ஆகியோர் அவருடைய வாடிக்கையாளர்கள். வேலையில் அவருக்கென ஒரு முறை உண்டு. சவரம் முடிந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, அந்த முகத்தைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்ப்பார். திருப்தி ஏற்பட்டால்தான் துண்டை உதறுவார்.

சிறையில் அதற்கெல்லாம் இடமில்லை. முற்றத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஒரு முக்காலி, இரண்டு வாளித் தண்ணீர், வரிசையாகக் குந்தியிருக்கும் ஆட்கள். ஆளுக்கு அரை பிளேடு. பக்கத்திலேயே நிற்கும் காவலர் ஒருவர், ஒவ்வொரு துண்டையும் உடனுக்குடன் திரும்ப வாங்கித் தகர டப்பாவில் போட்டுக்கொள்வார். “அடுத்தவன், அடுத்தவன்” என்ற விரட்டலுக்கு நடுவே பின்னால் நகர்ந்து அழகு பார்க்க முடியாது.

அடையாள அணிவகுப்பு நடக்கும் நாள்களில் அவருக்குத் தனி அழைப்பு வரும். சந்தேகத்துக்கு உள்ளானவரை அவரைப் போன்ற தோற்றமுடைய வேறு சிலருடன் வரிசையில் நிறுத்தி, சம்பவத்தைக் கண்டவரை நீதித்துறை நடுவர் முன்னிலையில் அடையாளம் காட்டச் சொல்வதுதான் அணிவகுப்பு. உயரமும் உடல்வாகும் ஒத்த ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வேலை. முடியையும் மீசையையும் ஒரே மாதிரியாக்குவது அவருடைய வேலை. அதில் அவருக்குப் பெருமிதம் உண்டு. “பெத்த தாய் வந்தாலும் நின்னு யோசிக்கணும்” என்று சொல்வார். அவர் ஒப்பனை செய்த வரிசையில் சாட்சிகள் உண்மையாகவே தடுமாறியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் தடுமாற்றம் நியாயமானது. யாரென்று தெரியாதவர் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவதற்காகத்தான் சட்டம் அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது.

இந்த நிலையில்தான் நகரக் காவல்துறைக்குப் புதிய உயர் அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். தெருக்களில் வழிப்பறி பெருகி, செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்த சமயம். அவர் 'துரிதத் துலக்கத் திட்டம்' என்ற ஒன்றை அறிமுகப்படுத்தினார். மாதாந்தரக் கூட்டத்தில் ஒவ்வொரு நிலையத்தின் ஆய்வாளரும் எழுந்து, தம் எல்லையில் எத்தனை வழக்குகள் துலங்கின என்று அறிவிக்க வேண்டும். கடைசி இடத்தில் இருப்பவர் கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒருவர் கைது செய்யப்பட்டு, சாட்சியால் அடையாளம் காட்டப்பட்டுவிட்டால் வழக்கு துலங்கியதாகக் கணக்கு. நீதிமன்றத்தில் அது என்ன ஆனது என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழவே எழாது.

அந்த அதிகாரியைத் தீயவர் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை நடக்க வேண்டும் என்று விரும்பினார். எதைக் கேட்டாரோ அது அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது. தூசி படிந்து கிடந்த பழைய வழக்குகளையெல்லாம் நிலையங்கள் வெளியே எடுத்தன. அதற்கு முன் எப்போதாவது நடந்த அணிவகுப்பு வாரந்தோறும் நடக்கலாயிற்று. துலக்கத்தின் விகிதம் ஏறிக்கொண்டே போனது. தெருவிலோ பெண்கள் முன்பு போலவே கைப்பையைச் சுவரோரத் தோளுக்கு மாற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

அவ்வாறு வெளியே வந்த பழைய வழக்குகளில் ஓய்வுபெற்ற செவிலி ஒருவருடையதும் ஒன்று. மோட்டார் சைக்கிளில் வந்தவன் அவருடைய கைப்பையைப் பறித்தான். அவர் விடாமல் பிடித்துக்கொண்டதால் இழுபட்டு விழுந்து வலக்கை முறிந்தது. ஒல்லியான முகம், தாடி மீசை கிடையாது என்று புகாரில் சொல்லியிருந்தார். பல மாதங்கள் ஆளே கிடைக்கவில்லை. கூட்டத்தில் ஒருமுறை நின்று கால் வலி கண்ட, கைராசியின் வாடிக்கையாளரான ஆய்வாளர், வாகனச் சோதனையின்போது தம்முடன் வாய்ச்சண்டை போட்ட தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவரை அந்த வழக்கில் சேர்த்தார். ஓட்டுநரிடம் இருந்த மோட்டார் சைக்கிளும் புகாரில் சொன்ன அதே நிறம். ஆனால் அவருக்குக் கழுத்தை மறைக்கும் தாடி. சம்பவத்துக்குப் பிறகு அடையாளத்தை மறைப்பதற்காக வளர்த்த தாடி என்று ஆய்வாளர் எழுதினார்.

ஓட்டுநரின் மனைவி சிறை வாசலில் நின்று, “கல்யாணத்துக்கே தாடியோடதான் சார் வந்தாரு! மாப்பிள்ளை எங்கேன்னு தேட வேண்டியிருந்துச்சு” என்று எங்களிடம் சொன்னபோது காவலர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. திருமணப் படத்தையும் கொண்டுவந்திருந்தாள். ஆனால் அந்தப் படம் திருமண நாளின் தாடிக்குத்தான் சாட்சி. சம்பவத்தன்று தாடி இருந்ததா என்பதை அது சொல்லாது. ஜாமீனுக்குப் பொறுப்பேற்க லாரி உரிமையாளர் முன்வராததால் ஓட்டுநர் உள்ளேயே இருந்தார்.

அணிவகுப்பு நாளன்று சிக்கல் எழுந்தது. அந்த உயரத்தில், அந்த உடல்வாகில், அவ்வளவு தாடி வைத்தவர்கள் சிறையில் ஓரிருவரே இருந்தார்கள். காவலர் கைராசியிடம் யோசனை கேட்டார்.

“தாடி வச்ச ஆளுங்களை நான் எங்க போய்ச் செய்யுறது? எல்லாரையும் மழிச்சுடலாம் சார். ஒரே மாதிரி ஆயிடும். அந்தம்மாவும் தாடி இல்லாத முகம்னுதானே சொல்லியிருக்காங்க” என்றார் அவர். எங்கள் அனைவருக்கும் அது சரியாகவே பட்டது. ஓட்டுநரும் ஒப்புக்கொண்டார்.

முக்காலியில் உட்கார்ந்ததும் ஓட்டுநர், “அண்ணா, நீங்கதான் கைராசியா?” என்று கேட்டார்.

“ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லுது. எங்க வீட்டுல மட்டும் இன்னும் ஒத்துக்கல.”

“நல்லாப் பண்ணுங்கண்ணா. அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. என் பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன்.”

“தெரியாதுன்னா எதுக்குப்பா நடுங்குற? அவங்களுக்கும் உன்னைத் தெரியாதுல்ல? ஆடாம உட்காரு. நான் பார்த்துக்கறேன்.”

அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் அவர் கூடுதல் அக்கறை எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு ஒருமுறை போன கத்தி, ஓட்டுநருக்கு மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் இருமுறை போனது. படிகாரக் கல்லைத் தேய்த்து முகத்தைக் கழுவிவிட்டார். குந்தியிருந்தவர்களில் ஒருவன், “என்ன மாமா, அவருக்கு மட்டும் ரெண்டு ஓட்டு? பொண்ணு பார்க்கவா போறாரு?” என்று கேலி செய்தான். “வாயை மூடுடா, உன் மூஞ்சிக்கு ஒரு ஓட்டே அதிகம்” என்று கைராசி பதிலளித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரித்தார். காவலர் விரட்டியதால் அடுத்த ஆள் உட்கார்ந்தான்.

முற்றத்தில் நல்ல வெயில். செவிலி முறிந்து கூடிய கையை மற்றக் கையால் தாங்கியபடி வரிசையின் முன்னால் நடந்தார். கடைசிவரை போனார்; திரும்பினார். இரண்டாவது முறை வரும்போது ஓட்டுநரின் முன் நின்று, அவருடைய தோளைத் தொட்டார். “அம்மா, நல்லாப் பாருங்கம்மா!” என்று ஓட்டுநர் கத்தியது, சுவருக்கு அப்பால் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த கைராசிக்கும் கேட்டது. நடுவர் முறைப்படி பதிவு செய்தார். அந்த மாதக் கூட்டத்தில் ஆய்வாளர் உட்கார்ந்தே இருந்தார்.

கைராசிக்கு வருத்தம்தான், ஆனால் வேறு வகையான வருத்தம். வீட்டுக்குப் போய் மனைவியிடம், “அந்தப் பய என்கிட்டயே என்னமா நடிச்சான் தெரியுமா? பெத்த பொண்ணு மேல சத்தியம் வேற” என்று சொல்லியிருக்கிறார். ஏமாற்றப்பட்டவரின் கோபம் அது. அடுத்த சில வாரங்கள் ஓட்டுநர் சவர வரிசையில் வந்து உட்கார்ந்தபோதும் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு ஓட்டுநர் வரிசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். தாடி மறுபடியும் வளர்ந்தது.

சில மாதங்கள் சென்றபின், கடைக்கு ஓர் இளைஞன் நண்பனோடு வந்தான். வேலைக்கான நேர்காணலுக்காக, நெடுநாள் வளர்த்த தாடியை எடுக்க வேண்டும் என்றான். சவரம் முடிந்ததும் வழக்கம்போலக் கைராசி ஓரடி பின்னால் நகர்ந்தார். அதற்குள் நண்பன் வாய்விட்டுச் சிரித்தான்.

“டேய், என்னடா இது! மேல பாதி உன் மூஞ்சி, கீழப் பாதி வேற எவன்கிட்டயோ இரவல் வாங்குன மாதிரி இருக்கு! உள்ள நுழைஞ்ச உடனே உன்னைத்தாண்டா பார்ப்பாங்க.”

தாடி மறைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாத வெளுப்பு. அதற்கு மேலே கறுத்த கன்னமும் நெற்றியும். தாடி எடுக்க வந்த எவருக்கும் கைராசி சொல்லும் பதில் ஒன்று உண்டு. அன்றும் வாய் தானாகவே தொடங்கியது: “நாலு நாள் வெயில்ல திரிஞ்சா…” பாதியிலேயே விட்டுவிட்டு, வாடிக்கையாளர் கழுத்தில் துண்டு அப்படியே இருக்க, பின்னறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் பையன் நடிக்கல” என்றார் மனைவியிடம்.

“எந்தப் பையன்?”

“லாரிக்காரன். நாள் பூரா வெயில்ல வண்டி ஓட்டுற மூஞ்சி. தாடிக்குள்ள மட்டும் வெள்ளையா இருந்திருக்கும். மத்தவனெல்லாம் வாராவாரம் மழிக்கறவன். அத்தனை பேருக்கு நடுவுல அவனை மட்டும் விளக்குப் போட்டுக் காட்டியிருக்கேன்.”

மனைவி, “ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் பார்க்குறதுதானே உங்க வேலை? அன்னைக்கு மட்டும் கண்ணை எங்க வச்சிருந்தீங்க?” என்றாள்.

தெரியாமல் செய்த பிழை என்று அவரால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தொழிலின் முதல் ஆண்டிலேயே தெரிந்துகொண்ட விஷயம் அது. ஆனால் சிறை முற்றத்தில் அவர் மயிரை மட்டுமே பார்த்தார்; மயிர் எல்லாருக்கும் ஒன்றுபோல் ஆனதும் முகங்களும் ஒன்றாகிவிட்டன என்று நம்பினார். அந்த வரிசையை நாங்கள் எல்லாரும்தான் பார்த்தோம். நடுவர் பார்த்தார், நான் பார்த்தேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இருந்தும் அவர் உடனே போய்ச் சொல்லவில்லை. ஆய்வாளர் அவருடைய நாற்காலியில் வந்து உட்காருபவர். ஒருநாள் சவரத்தின் நடுவே பட்டும் படாமலும் பேச்சை எடுத்தபோது ஆய்வாளர் கண்ணைத் திறக்காமலே, “உனக்கு எதுக்குய்யா அது? வழக்கு துலங்கியாச்சு. உன் கத்தி தாடையோட நிக்கட்டும், தொண்டைக்கு வர வேணாம்” என்றார். அதை நகைச்சுவையாகவே சொன்னார். கைராசியும் சிரித்துவைத்தார். வாரங்கள் கடந்தன.

ஓட்டுநரின் மனைவி பார்வையாளர் நாள்களில் தவறாமல் வாசலில் நிற்பவள். ஒரு கட்டத்தில் அவளைக் காணவில்லை. கைராசி, தாமாகவே ஓட்டுநரிடம் போய்க் கேட்டார்.

“அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார். திருட்டுப் பட்டம் வாங்குனவன் வீட்ல தங்கச்சி இருக்கக் கூடாதாம்” என்றார் ஓட்டுநர். சற்றுத் தயங்கி, “அவளே நம்ப ஆரம்பிச்சுட்டாளோன்னு பயமா இருக்குண்ணா. அந்தம்மா அவ்வளவு பேருல உங்களை மட்டும் எப்படிங்க தொட்டாங்கன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல” என்றார்.

பதில் தெரிந்தவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அன்று மாலையே அவர், ஓட்டுநருக்கு அரசு அமர்த்தியிருந்த சட்ட உதவி வழக்கறிஞரான பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். “இதை ஏன் இவ்வளவு நாள் கழிச்சுச் சொல்றீங்க?” என்று மட்டும்தான் அவர் கேட்டாராம்.

விசாரணையில் கைராசி சாட்சியாக நின்றார். அரசு வழக்கறிஞர் கேட்டார்: “மழித்த இடம் வெளுத்திருக்கும் என்பது உங்களுக்கு அப்போதே தெரியுமா?”

“தெரியுங்கய்யா.”

“தெரிந்தே ஏன் மழித்தீர்கள்?”

“எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கணும்னு நினைச்சேன். ஆக்கிட்டு எட்ட நின்னு ஒருதடவை பார்க்கல.”

அதன்பின் செவிலி மறுபடியும் அழைக்கப்பட்டார். நேர்மையான பெண்மணி. நெடுநேரம் யோசித்து, “வரிசையில ஒரு முகம் மட்டும் என் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தது. ஏற்கெனவே பார்த்த முகமா இருக்கறதாலதான் அப்படி இருக்குன்னு எடுத்துக்கிட்டேன். வேற காரணம் இருக்கும்னு அப்போ தோணலை” என்றார். வேறு சான்று எதுவும் இல்லாத வழக்கு அத்துடன் சரிந்தது. ஓட்டுநர் விடுதலை செய்யப்பட்டார். அப்போது அவர் உள்ளே வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தாழ்வாரத்தில் செவிலி ஆய்வாளரை நிறுத்தி, “அப்படின்னா என் கையை உடைச்சது யாரு?” என்று கேட்டார். ஆய்வாளர், மேல்முறையீடு பற்றி யோசிக்கிறோம் என்று ஏதோ சொல்லி நகர்ந்தார். உண்மையான பதில் எங்கள் துறைகளில் இருந்த அனைவருக்கும் தெரியும். அந்த வழக்கு துலங்கிய வழக்காக முந்தைய ஆண்டின் அறிக்கையில் அச்சாகிவிட்டது. விடுதலைகளைக் கணக்கெடுப்பது வேறொரு துறை. துலங்கிய வழக்கை மறுபடியும் துலக்கினால் எந்த நிலையத்துக்கும் அதில் பெருமை சேராது. ஆகவே அந்த வழிப்பறிக்காரனை அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. திட்டம் வெற்றி பெற்றதாகப் பாராட்டப்பட்டு, அந்த உயர் அதிகாரி இன்னும் பெரிய நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கும் அதையே நடைமுறைப்படுத்தியதாகக் கேள்வி.

விடுதலையான அன்று கைராசி கடையைச் சாத்திவிட்டுச் சிறை வாசலில் காத்திருந்தார். ஓட்டுநரை அழைத்துப்போக வேறு யாரும் வரவில்லை.

“வண்டி இப்ப யாருண்ணா ஓட்டுறா?” என்று முதலில் கேட்டார் ஓட்டுநர்.

“முதலாளியோட மச்சினன்னு சொன்னாங்க.”

“அவனுக்குப் பின்னால பார்த்து எடுக்கத் தெரியாதே” என்றார்.

இருவரும் பேருந்தில், ஓட்டுநரின் மனைவி தங்கியிருந்த அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். தாம் உடன் வருவது அவசியம் என்று கைராசிதான் வற்புறுத்தியிருந்தார். “நான் சொன்னா புரிஞ்சுக்குவாங்க. எப்படி நடந்ததுன்னு நானே சொல்றேன்” என்றார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனதாக என்னிடம் பின்னர் கூறினார்.

இரண்டாம் மாடி. கதவைப் பாதி திறந்த மைத்துனர், ஓட்டுநரை ஏற இறங்கப் பார்த்தார்.

“விட்டுட்டாங்களா?”

“விடுதலை ஆயிடுச்சு மச்சான்.”

“விட்டுட்டாங்கன்னா செய்யலைன்னு அர்த்தமா? சாட்சி குழம்பிட்டா எவனையும் விடத்தான் செய்வாங்க.”

கைராசி முன்னால் வந்தார். “ஐயா, அந்தம்மா இவரைத் தொட்டதுக்குக் காரணம் நான். அன்னைக்கு இவருக்குச் சவரம் பண்ணவன் நான்தான்…”

“நீங்க யாருங்க நடுவுல?”

“முடி வெட்டுறவன்ங்க.”

மைத்துனர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாதவர் போல ஓட்டுநரைப் பார்த்தார். “வக்கீலைக் கூட்டிட்டு வருவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றார்.

அதற்குள் ஓட்டுநரின் மனைவி உள்ளிருந்து வந்துவிட்டாள். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைராசியைப் பார்த்தாள். வழக்கறிஞர் மூலம் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“எப்பத் தெரிஞ்சுதுண்ணா உங்களுக்கு?” என்று கேட்டாள்.

கைராசி, அடுக்கி வைத்திருந்த எதையும் சொல்ல முடியாமல், “கொஞ்ச நாள் முன்னாலேயே தெரிஞ்சுதும்மா” என்றார்.

“நான் வாசல்ல வந்து நின்னுக்கிட்டிருந்தப்பவா?”

அவர் தலையசைத்தார். அவள் அண்ணனை விலக்கிக் கதவை முழுதாகத் திறந்து, “நீங்க உள்ள வாங்க” என்று கணவனிடம் சொன்னாள். மைத்துனர், “இன்னைக்கு இருக்கட்டும், மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்” என்று முணுமுணுத்தபடி வழிவிட்டார். ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். போகும்போது திரும்பிப் பார்த்தாரா என்று நான் கேட்டேன். தாம் அப்போது கீழே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கைராசி சொன்னார்.

“நீங்க கிளம்புங்கண்ணா” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து யாராவது தம்மைக் கூப்பிடக்கூடும் என்று அவர் சிறிது நேரம் மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். பிறகு இறங்கி வந்துவிட்டார்.